வானம் ஏறிக் கடலாழம் கண்ட பிக்கார்டு

கடலைக் கடந்து வந்து கடை விரித்தவர்களின் மக்கள் நாம். நம் தகப்பனார் காலத்தில் கப்பலேறி வந்தவர்கள் பகலும் இரவும் நீரையே பார்த்துக்கொண்டு பல நாட்கள் பிரயாணம் செய்தார்கள். ஆயினும் அவர்கள் கண்டதெல்லாம் கடலின் மேற்பரப்பு மாத்திரமே. அந்த நீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை நேரில் சென்று பார்க்க வேண்டுமென்று வாலிபத்தில் ஆசைப்பட்டு, அந்த ஆசையை ஏறத்தாழ ஐம்பது வருஷகாலம் மனத்தில் காப்பாற்றி வைத்திருந்து, 69-வது வயதில் நிறைவேற்றிக்கொண்ட ஒரு பெரியாரின் சரித்திரத்தை இவ்விதழில் எழுத முன்வந்தோம். அவர் பெயர் அகஸ்டே பிக்கார்டு.

அவர் பெரிய விஞ்ஞானி, நாமோ கடைக்காரர். அவர் போட்ட கணக்குகளை விளங்கிக்கொள்ளும் படிப்பு நமக்கில்லை. எனினும் அவர் வாழ்க்கையில் நஷ்டம் வந்தது, ஊர் சிரித்தது, கூட்டு முறிந்தது, கையில் முதல் இல்லாமல் போயிற்று. இவை நான்கும் வியாபாரிகளாகிய நமக்குப் பழக்கமான விஷயங்களே. ஆகையால் அவர் சரித்திரத்தைச் சொல்ல நமக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறோம்.

பிறப்பும் படிப்பும்

பிக்கார்டு 1884-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 28-ந் தேதி ஸ்விட்சர்லாந்து தேசத்திலுள்ள பேசல் நகரில் பிறந்தார். ஸ்விட்சர்லாந்து மலைகள் நிறைந்த நாடு. நாற்புறமும் பிற தேசங்களால் சூழப்பட்டது. அதற்குக் கடற்கரை என்பதே கிடையாது. அப்படிப்பட்ட நாட்டில் பிறந்தவர்தாம் பிற்காலத்தில் கடலின் அடிக்கு வழி திறந்தார்.

அவருடைய தகப்பனார் ஜூல்ஸ் பிக்கார்டு, பேசல் சர்வகலாசாலையில் ரசாயனப் பேராசிரியர். அகஸ்டேயோடு இரட்டையாகப் பிறந்த சகோதரர் ஜீன். இருவரும் ஜூரிச் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து படித்தனர். அகஸ்டே பௌதிக சாஸ்திரத்திலும், ஜீன் ரசாயனத்திலும் தேர்ந்தனர்.

ஜூரிச்சில் மாணவராக இருந்தபோது கார்ல் சூன் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் எழுதிய புத்தகம் ஒன்று அகஸ்டேயின் கைக்குக் கிடைத்தது. சூன், 1898, 1899 வருஷங்களில் வால்டிவியா என்ற கப்பலில் சென்று ஆழ்கடலில் வலை வீசி ஆராய்ந்தவர். இருட்டான ஆழத்தில் தம் உடம்பிலேயே விளக்கைப் போல ஒளி வீசும் பிராணிகள் இருப்பதையும், வலையில் மேலே வரும்போது அவை பெரும்பாலும் செத்துச் சிதைந்து போவதையும் மாணவர் படித்தார். அவற்றை அவை வாழும் இடத்திலேயே போய்ப் பார்த்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு அப்போதே உண்டாயிற்று. உறுதியான ஓர் அறையைச் செய்து, அதைப் பெரிய மிதவையின் கீழ் தொங்கவிட்டு இறக்க வேண்டும் என்று அந்த வயதிலேயே யோசித்துவிட்டார். ஆனால் யோசனைக்கும் காரியத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம்! பணமில்லை, பெயருமில்லை. எண்ணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு அவர் தம் தொழிலைப் பார்க்கப் போய்விட்டார்.

1922-ஆம் வருஷம் பெல்ஜியம் தேசத்தின் தலைநகராகிய பிரஸ்ஸல்ஸில் பௌதிகப் பேராசிரியராக அமர்ந்தார். நெடிய உருவம், நீண்ட கழுத்து, வட்டக் கண்ணாடி. நம் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் டின்டின் சித்திரக் கதையில் காது மந்தமான ஒரு பேராசிரியர் வருவாரல்லவா, அவரை ஓவியர் எர்ஜே இந்தப் பிக்கார்டை மாதிரியாக வைத்தே வரைந்தார்.

முதலில் ஆகாயம்

அந்நாளில் விஞ்ஞானிகள் ஆகாயத்துக்கு அப்பாலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைப் பற்றி ஆராய்ந்து வந்தார்கள். அக்கதிர்களை நன்றாக அளக்க வேண்டுமானால் மிக உயரத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே காற்று மிகவும் மெலிந்திருப்பதால் திறந்த கூடையில் போகிறவன் பிழைக்க மாட்டான். பிக்கார்டு தம் பழைய யோசனையைத் தலைகீழாகத் திருப்பினார். காற்றுப் புகாத அலுமினியக் கோளம் ஒன்றைச் செய்து, அதற்குள் பூமியில் உள்ளது போன்ற காற்றை அடைத்து, அதைப் பெரிய பலூனில் கட்டித் தொங்கவிட்டார். பெல்ஜியத்தின் தேசிய விஞ்ஞான ஆராய்ச்சி நிதி இதற்குப் பணம் கொடுத்தது. ஆகவே பலூனுக்கும் அந்நிதியின் பெயரின் முதலெழுத்துக்களாகிய எப். என். ஆர். எஸ். என்பதே பெயராயிற்று.

1930 செப்டம்பரில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் நடந்த முதல் முயற்சியில் பலூன் கிளம்பவே இல்லை. ஜனங்கள் பரிகாசம் செய்தார்கள். பிக்கார்டு பொறுத்திருந்தார். 1931 மே மாதம் 27-ந் தேதி விடியற்காலையில் அதே ஊரிலிருந்து, பால் கிப்பர் என்ற உதவியாளருடன் மறுபடியும் கிளம்பினார். அரைமணி நேரத்துக்குள் பலூன் 15,000 மீட்டர் உயரத்தைத் தாண்டிவிட்டது. அன்று அவர்கள் எட்டிய உயரம் 15,781 மீட்டர். எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 8,848 மீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு என்பது விளங்கும்.

ஆனால் அன்று அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கிளம்பும்போதே கோளத்தில் ஓர் ஓட்டை விழுந்து உள்ளிருந்த காற்று வெளியேறத் தொடங்கியது. பிக்கார்டு நாரையும் வாசலினையும் சேர்த்துப் பிசைந்து அந்த ஓட்டையை அடைத்தார். ஆம், நம் கடை அலமாரியில் சிறு டப்பாவில் இருக்கிறதே, அதே வாசலின்தான். பிறகு ஒரு கருவி உடைந்து பாதரசம் கொட்டிவிட்டது. பாதரசம் அலுமினியத்தை அரித்துவிடும். கோளத்துக்கு வெளியே காற்று மெலிந்திருப்பதை நினைவில் கொண்டு, அவர் ஒரு ரப்பர் குழாயை வெளியே திறக்கும் குழாயோடு சேர்த்துப் பாதரசத்தை உறிஞ்சி வெளியேறச் செய்தார். அப்புறம் கீழே இறங்குவதற்காக வாயுவைத் திறந்துவிடும் கயிறு சிக்கிக்கொண்டது. மத்தியானத்துக்குள் தரை இறங்கவேண்டியவர்கள், வெயில் தணிந்து வாயு குளிரும் வரையில் மேலேயே காத்திருந்தார்கள். உள்ளே தாங்க முடியாத வெப்பம். குடிக்கத் தண்ணீர் போதாமல் கோளத்தின் சுவரில் வேர்த்திருந்த நீரை நக்கினார்கள். இரவில்தான் ஆஸ்திரியாவின் மலைமேல் ஒரு பனிப்பாறையில் இறங்கினார்கள். அவர்கள் இறந்தே போனார்கள் என்று உலகம் முடிவு கட்டியிருந்தது.

மறுவருஷம், 1932 ஆகஸ்ட் 18-ந் தேதி, மாக்ஸ் கோசின்ஸ் என்பவருடன் ஜூரிச் அருகிலிருந்து கிளம்பி 16,200 மீட்டர் உயரம் சென்றார். சகோதரர் ஜீன் அமெரிக்காவில் குடியேறியிருந்தார். அவரும் அவர் மனைவி ஜீனெட்டும் 1934-ல் இதே முறையில் 17,500 மீட்டருக்கு மேல் உயர்ந்தனர்.

பூட்டி வைத்த பெட்டி திறந்தது

ஆகாயத்தில் கிடைத்த புகழைக் கொண்டு பிக்கார்டு வேறு எத்தனையோ செய்திருக்கலாம். அவர் பூட்டிவைத்த பெட்டியைத் திறந்தார். இப்போது பெயர் இருந்தது. பெயரை நம்பிப் பணம் கொடுப்பாரும் இருந்தனர். 1937-ல் அதே பெல்ஜிய நிதியின் உதவியோடு ஆழ்கடல் வாகன வேலையை ஆரம்பித்தார்.

அதற்கு முன்பு அமெரிக்கர்களான வில்லியம் பீப், ஓட்டிஸ் பார்ட்டன் இருவரும் 1934-ல் பெர்முடா தீவருகே ஒரு இரும்புக் கோளத்தில் 923 மீட்டர் வரையில் இறங்கியிருந்தார்கள். ஆனால் அந்தக் கோளம் கப்பலிலிருந்து ஒரு கம்பி வடத்தில் தொங்கியது. வடம் அறுந்தால் கோளமும் ஆட்களும் திரும்பி வர வழியில்லை. பிக்கார்டு அந்த வடத்தையே வேண்டாமென்று தள்ளினார். பலூனை யாரும் கயிற்றில் கட்டித் தூக்குவதில்லை. தானே ஏறுகிறது, தானே இறங்குகிறது. கடலிலும் அப்படியே செய்யலாம் என்பது அவர் கண்ட உபாயம்.

எண்ணெய் நீரின்மேல் மிதப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். பெட்ரோல் இன்னும் இலேசானது. மெல்லிய தகட்டால் செய்த பெரிய தொட்டியில் பெட்ரோலை நிரப்பினால் அது பலூனைப் போல மிதக்கும். தொட்டியின் அடிப்பக்கம் கடலுக்குத் திறந்திருக்கும். வெளியே எவ்வளவு அழுத்தமோ உள்ளேயும் அவ்வளவே அழுத்தம். ஆகையால் தகடு நசுங்காது. ஆட்கள் உட்காரும் கோளம் மட்டும் தடித்த உருக்கினால் ஆனது. அது தொட்டியின் அடியில் தொங்கும். இறங்குவதற்காகப் பாரமாக இரும்புக் குண்டுமணிகளைக் கூடுகளில் நிரப்பி, மின்சாரக் காந்தத்தால் வாயை அடைத்திருப்பார்கள். மின்சாரத்தை நிறுத்தினால் குண்டுமணிகள் கொட்டிவிடும். வாகனம் இலேசாகி மேலே கிளம்பும். தவறிப்போய் மின்சாரம் தானாகவே நின்றுவிட்டாலும் குண்டுமணிகள் கொட்டத்தான் செய்யும். அதாவது இயந்திரம் கெட்டால் அது மனிதனை மேலே அனுப்புமேயன்றிக் கீழே பிடித்து வைக்காது. உயிரைக் காக்கும் வழி கெடுதலின் உள்ளேயே அமைந்திருக்கிறது. இந்த வாகனத்துக்கு ஆழம், கப்பல் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பாத்திஸ்காப் என்று பெயரிட்டார்.

இவ்வளவும் கணக்காகித் தயாரான சமயத்தில் இரண்டாவது உலக யுத்தம் வந்தது. வேலை நின்றது. யுத்தம் முடிந்து 1948-ல்தான் எப். என். ஆர். எஸ். 2 என்ற முதல் பாத்திஸ்காப் கப்பலேறியது. அப்போது பிக்கார்டுக்கு வயது 64.

நஷ்டம் வந்த நாள்

1948 அக்டோபர் மாதம் ஸ்கால்டிஸ் என்ற பெல்ஜியக் கப்பல் அந்த வாகனத்தைச் சுமந்துகொண்டு ஆப்பிரிக்காவுக்கு மேற்கேயுள்ள கேப் வெர்டே தீவுகளுக்குச் சென்றது. பிரெஞ்சுக் கடற்படையும் துணைக்கு வந்தது. அக்டோபர் 26-ந் தேதி பிக்கார்டும் தியோடர் மோனோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானியும் உள்ளே அமர்ந்து இறங்கினார்கள். எவ்வளவு ஆழம் தெரியுமா? 25 மீட்டர்! நவம்பர் 3-ந் தேதி ஆள் இல்லாமல் வாகனத்தை மட்டும் அனுப்பினார்கள். அது 1,380 மீட்டர் வரை சென்று, சொன்னபடி பாரத்தை உதறிவிட்டு, தானே மேலே வந்தது.

வந்த பின்புதான் விபத்து. கடல் கொந்தளித்தது. தொட்டியில் பெட்ரோல் இருக்கும்வரை வாகனத்தைக் கப்பலில் தூக்க முடியாது. அலைகள் மெல்லிய தொட்டியை அடித்து நெளித்துக் கிழித்தன. கடைசியில் விலையுயர்ந்த பெட்ரோலையெல்லாம் கடலில் கொட்டிவிட்டு வாகனத்தைத் தூக்க வேண்டியதாயிற்று. பத்திரிகைகளில் ஏளனம் எழுந்தது. ஆகாயத்தை வென்ற பேராசிரியர் 25 மீட்டர் இறங்குவதற்கு இவ்வளவு பணத்தைச் செலவழித்தாரே என்று ஊர் சிரித்தது.

இந்த இடத்தில் வாசக அன்பர்கள் நம்முடைய சிறு அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். சில வருஷங்களுக்கு முன் பெருமழையில் நம் கடையின் பின்கட்டில் வெள்ளம் புகுந்து மூட்டைகள் நனைந்துவிட்டன. இரண்டு நாட்கள் கதவைக்கூடத் திறக்காமல் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள் எதிர்க்கடைப் பெரியவர் வந்து, ஒன்றும் பேசாமல், நனைந்த மூட்டைகளை ஒரு பக்கமும் நனையாதவற்றை ஒரு பக்கமுமாக அடுக்கத் தொடங்கினார். அடுக்கி முடித்தபோதுதான் தெரிந்தது, போனது பாதிக்கும் குறைவு என்று. அதுவரையில் முழுவதும் போய்விட்டதாகவே எண்ணியிருந்தோம்.

பிக்கார்டு செய்ததும் அதுவே. எது கெட்டது, எது கெடவில்லை என்று பிரித்துப் பார்த்தார். கோளம் கெடவில்லை. பெட்ரோல் மிதவை என்ற யோசனை கெடவில்லை. 1,380 மீட்டர் சென்று தானே திரும்பியது. குண்டுமணிகள் தவறாமல் விழுந்தன. கெட்டது தொட்டி ஒன்றுதான். அலையில் இழுத்துச் செல்லத் தக்க உறுதி அதற்கில்லை. மேலும் ஆட்கள் கப்பலிலேயே கோளத்துக்குள் நுழைந்துவிட வேண்டும்; நீரில் மிதக்கும்போது ஏறி இறங்க வழி வைக்கவில்லை. பழுது இன்னதென்று தெரிந்தபின் அவருக்குப் பயம் இருக்கவில்லை.

கூட்டு முறிந்தது

எனினும் சோதனை முடியவில்லை. 1950-ல் பெல்ஜியமும் பிரான்சும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி அந்தக் கோளம் பிரெஞ்சுக் கடற்படையின் கைக்குப் போயிற்று. அதே கோளத்துக்குப் புதிய தொட்டி கட்டி எப். என். ஆர். எஸ். 3 என்ற பெயரில் வேலை நடந்தது. பிக்கார்டு ஆலோசகராக இருந்தார். ஆனால் ஆலோசகருக்கும் எஜமானர்களுக்கும் கருத்து ஒத்துவரவில்லை. யோசனை அவருடையது, சரக்கோ பிறர் வசம். கூட்டு வியாபாரம் செய்தவர்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சமயம் உதவிக்கு வந்தவர் அவருடைய மகன் ஜாக். 1922-ல் பிரஸ்ஸல்ஸில் பிறந்த இவர் விஞ்ஞானம் படித்தவரல்ல, பொருளாதாரம் படித்தவர். இத்தாலிய எல்லையிலுள்ள டிரியெஸ்டே துறைமுகத்தின் வர்த்தக நிலையை ஆராயச் சென்றிருந்தபோது, அந்நகரத்தார் அவர் தகப்பனாருக்காகப் புதிய பாத்திஸ்காப் ஒன்றைக் கட்ட உதவுவதாகச் சொன்னார்கள். ஸ்விட்சர்லாந்திலும் இத்தாலியிலும் நன்கொடைகள் சேர்ந்தன. தொட்டியை டிரியெஸ்டே அருகிலுள்ள மொன்பல்கோனே கப்பல் தளத்தில் கட்டினார்கள். கோளத்தை டெர்னி நகர உருக்காலையில் அடித்துச் செய்தார்கள். ஆட்கள் நீரின்மேல் இருக்கும்போதே ஏறி இறங்க, தொட்டியின் நடுவே ஒரு சுரங்கவழி வைத்தார்கள். அலையில் இழுத்துச் செல்லும் உறுதியும் கொடுத்தார்கள். உதவிய நகரத்தின் நன்றிக்காக வாகனத்துக்கு டிரியெஸ்டே என்றே பெயர்.

1953 ஆகஸ்டில் தகப்பனும் மகனும் காப்ரி தீவருகே 1,080 மீட்டர் இறங்கினார்கள். செப்டம்பர் 30-ந் தேதி பொன்ஸா தீவருகே 3,150 மீட்டர் ஆழத்தில் கடலின் தரையைத் தொட்டார்கள். பத்து மீட்டருக்கு ஒரு கிலோ வீதம், அங்கே கட்டைவிரல் நகத்தளவு இடத்தின்மேல் முன்னூறு கிலோவுக்கு மேல் பாரம் அழுத்தும். அதுவரை மனிதன் எவனும் அவ்வளவு ஆழம் சென்றதில்லை. ஜூரிச்சில் புத்தகம் படித்த மாணவர், தம் 69-வது வயதில், தாம் பெற்ற மகனை அருகில் வைத்துக்கொண்டு அந்த இருளில் அமர்ந்திருந்தார்.

நான்கரை மாதங்கள் கழித்து, 1954 பிப்ரவரி 15-ந் தேதி, எப். என். ஆர். எஸ். 3-ல் ஜார்ஜ் ஊவோ, பியர் வில்ம் என்ற பிரெஞ்சுக்காரர்கள் டாக்கர் அருகே 4,050 மீட்டர் இறங்கி அவர் சாதனையை முறியடித்தார்கள். ஆனால் அவர்கள் அமர்ந்திருந்ததும் பிக்கார்டு செய்த கோளத்தில்தான். போட்டிக்காரர் வென்றதும் அவருடைய சரக்கைக் கொண்டே.

மகன் சென்ற ஆழம்

பின்வந்த வருஷங்களில் டிரியெஸ்டேயை நடத்தப் பணமில்லை. ஜாக் தம் பொருளாதாரத் தொழிலை விட்டுவிட்டு அந்த வாகனத்துக்காகவே அலைந்தார். கடைசியில் 1958-ல் அமெரிக்கக் கடற்படை அதை விலைக்கு வாங்கியது. இன்னும் தடித்த புதிய கோளம் ஜெர்மனியின் க்ரூப் ஆலையில் செய்யப்பட்டது. விற்றவர் ஒதுங்கிவிடாமல், வாகனத்தை ஓட்டத் தெரிந்தவராக ஜாக்கும் அதனோடு சென்றார்.

1960 ஜனவரி 23-ந் தேதி பசிபிக் சமுத்திரத்தில் குவாம் தீவுக்கு அப்பால், மரியானா அகழியில், ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரியும் இறங்கினார்கள். பூமியிலுள்ள கடல்களிலெல்லாம் ஆழமான இடம் அது. இறங்க ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வழியில் நுழைவழியின் வெளிக் கண்ணாடி பலத்த சப்தத்துடன் வெடித்துக் கீறல் விட்டது. அவர்கள் நிறுத்தவில்லை. சுமார் 10,900 மீட்டரில் தரை தட்டியது. இருபது நிமிஷம் இருந்துவிட்டு, குண்டுமணிகளை உதறி, மூன்றேகால் மணி நேரத்தில் பத்திரமாக மேலே வந்தார்கள். அன்று தகப்பனாருக்கு 76 வயது நிறைய ஐந்து நாட்களே இருந்தன.

அதற்குப் பிறகு 1969 முதல் 1972 வரை பன்னிரண்டு பேர் சந்திரனில் நடந்து திரும்பினார்கள். ஆனால் 2012-ல் ஜேம்ஸ் கேமரூன் இறங்கும் வரையில், 52 வருஷங்களாக, அந்தக் கடலடிக்கு வேறு மனிதர் ஒருவரும் போகவில்லை.

அகஸ்டே பிக்கார்டு 1962 மார்ச் 24-ந் தேதி ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் தம் 78-வது வயதில் காலமானார். கூடப் பிறந்த ஜீன் பத்து மாதம் கழித்து, 1963 ஜனவரி 28-ந் தேதி, இருவரும் பிறந்த அதே தேதியில் மறைந்தார். அந்த 1963-லேயே, 129 பேருடன் மூழ்கிய திரெஷர் என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிக் கண்டது டிரியெஸ்டே. இன்று அது வாஷிங்டனில் கடற்படைக் காட்சிசாலையில் இருக்கிறது. ஜாக் 2008-ல் காலமானார். ஜாக்கின் மகன் பெர்ட்ராண்ட், பாட்டனார் வழியில் மேலே சென்று, 1999-ல் பிரயன் ஜோன்ஸ் என்பவருடன் பலூனில் எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றி வந்தார்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இவர்கள் சாதனைகளைச் செய்ய நம்மால் ஆகாது. ஆனால் 1948 நவம்பரில், கிழிந்த தொட்டிக்கு முன்னால் நின்ற 64 வயதுப் பெரியவரை நாம் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. அன்றே அவர் கணக்கை மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வயதுமாகிவிட்டது, ஆகாயத்தில் சம்பாதித்த பெயரும் இருந்தது. அவர் மூடவில்லை. பழுதைப் பழுதென்று ஒப்புக்கொண்டார். பழுதில்லாததைப் பழுதோடு சேர்த்து எறியவில்லை.

நம்மில் பலர் நஷ்டம் வந்த நாளில் இவ்விரண்டில் ஒன்றைத் தவறாகச் செய்கிறோம். ஒன்று, ஒன்றுமே கெடவில்லை என்று பேரேட்டை மறைக்கிறோம். அல்லது எல்லாமே கெட்டுவிட்டது என்று கடையைப் பூட்டுகிறோம். இரண்டுக்கும் நடுவே மூட்டைகளைப் பிரித்து அடுக்கும் வேலை ஒன்று இருக்கிறது. அது கஷ்டமான வேலை, துர்நாற்றமும் வீசும். அதைச் செய்தவருக்கே மிச்சம் எவ்வளவு என்பது தெரியும். அந்த வேலையின்போது மகனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டால், நாம் இறங்க முடியாத ஆழத்துக்கு ஒரு நாள் அவன் இறங்குவான்.